தகர உண்டியல் காலமானது

கட்சி உண்டியல் எந்த நாளில் செத்தது என்று யாராலும் தேதி சொல்ல முடியாது. நாடி விழுந்து பல வருஷம் ஆகியிருக்க வேண்டும். ஆனால் அது செத்துவிட்டது என்று எனக்கு உறுதியான நாள் நன்றாக நினைவிருக்கிறது: 2024 மார்ச் 17, ஞாயிற்றுக்கிழமை. மக்களவைத் தேர்தல் தேதிகள் அறிவிக்கப்பட்டதற்கு மறுநாள். தேர்தல் பத்திரங்கள் மூலம் வாங்கிய பணத்துக்குக் கட்சிகள் கொடுத்திருந்த கணக்கைத் தேர்தல் ஆணையம் அன்று வெளியிட்டது. திராவிட முன்னேற்றக் கழகத்தின் கணக்கில் இருந்த தொகை 656.5 கோடி ரூபாய். அதில் 500 கோடிக்கு மேல் ஒரே நிறுவனம் கொடுத்தது. லாட்டரி நடத்தும் ஃப்யூச்சர் கேமிங் நிறுவனம்.

செய்தியைப் படித்து முடித்ததும் பரணிலிருந்து அப்பாவின் உண்டியலை எடுத்துத் துடைத்தேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

அந்த உண்டியலைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். டால்டா டின்னில் செய்தது. ஊர்த் தகரக் கொல்லர் மூடியை ஈயம் வைத்துப் பற்றவைத்து, நடுவில் ஒரு ரூபாய்க் காசு நுழையும் அளவுக்கு வாய் கிழித்து, அடியில் ஒரு சின்னக் கதவும் கொண்டியும் வைத்துக் கொடுத்தார். மேல்பாதி கறுப்பு, கீழ்ப்பாதி சிவப்பு. பெயின்ட் அப்பாவே அடித்தது. கோடு நேராக வரவில்லை. கொண்டியில் ஒரு திண்டுக்கல் பூட்டு. பெட்டி அப்பாவிடம் இருக்கும். சாவி வெற்றிலைக் கடை வைத்திருந்த கிளைப் பொருளாளரிடம் இருக்கும். இருவரும் ஒன்றாக உட்கார்ந்தால்தான் திறக்க முடியும். ஏன் அப்படி என்று கேட்டேன். எனக்கு எட்டு வயது. “பூட்டு நம்ம மேல சந்தேகப்பட்டு இல்லடா. போடுறவங்க நிம்மதிக்கு” என்றார் அப்பா.

அப்பா தையல்காரர். கீழத்தஞ்சையில் ஒரு சிற்றூர்க் கடைத்தெருவில் கடை. கழகத்தின் கிளைச் செயலாளர். 1967 தேர்தலுக்காகப் பத்து லட்சம் ரூபாய் திரட்ட வேண்டும் என்று அண்ணா இலக்கு வைத்திருந்தார். கட்சியின் பொருளாளர் கலைஞர். ஊர் ஊராக நாடகம் போட்டார்கள், மாநாட்டுக்கு டிக்கெட் விற்றார்கள், கூட்டம் முடிந்ததும் மேடையிலிருந்து இறங்கித் துண்டேந்தி வந்தார்கள். அந்தப் பத்து லட்சத்தில் எங்கள் ஊரின் பங்கு எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. அப்பா தையல் மிஷினை மூடிவிட்டுச் சாயந்தரம் சாயந்தரம் உண்டியலோடு போனது மட்டும் தெரியும். நானும் பின்னால் போவேன். குலுக்கும் வேலை எனக்கு.

எண்ணுவது ராத்திரியில். கடைக்குள் வெட்டுத்துணி கிடந்த பாயை உதறிப் போட்டு, அரிக்கேன் விளக்கைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு கவிழ்ப்பார்கள். ஆறு மூலை வைத்த மூன்று பைசா, நாலு மூலை ஐந்து பைசா, ஓரம் வளைந்து வளைந்து போகும் பத்து பைசா. நடுவில் அரிசி மணி, வெற்றிலைக் காம்பு. ஒரு தடவை கம்மல் திருகாணி ஒன்று விழுந்தது. மறுநாள் பூராவும் அப்பா அதைக் காகிதத்தில் மடித்துக்கொண்டு தெருத்தெருவாகப் போய், யாருடையது என்று கேட்டார். தவறி விழுந்ததா, மனசாரப் போட்டதா என்று தெரியாமல் அதைக் கணக்கில் சேர்க்க அவருக்கு மனம் வரவில்லை. யாரும் உரிமை கொண்டாடவில்லை. நோட்டில் ‘திருகாணி – 1’ என்று தனி வரியாக எழுதினார். அந்த நோட்டு இன்று இல்லை. அந்த வரி மட்டும் கண்ணில் நிற்கிறது.

கடைத்தெரு முனையில் ஆப்பக்கடை போட்டிருந்த ஆயா ஒருத்தி வாரம் தவறாமல் பத்து பைசா போடுவாள். சும்மா போடமாட்டாள். காசை அப்பா முகத்துக்கு நேரே தூக்கிக் காட்டுவாள். “பாத்துக்க தம்பி, பத்து பைசா” என்பாள். பிறகுதான் உண்டியலின் வாய்க்குள் விடுவாள். அரிசி கிடைக்காமல் ஊரே தவித்த வருஷம் அது. ஆப்பத்துக்கு மாவு இல்லாமல் கடை பாதி நாள் மூடியே கிடக்கும். அந்த நாளிலும் போட்டாள்.

தேர்தல் வந்தது. கழகம் 137 இடங்களில் ஜெயித்தது. அண்ணா முதலமைச்சர் ஆனார். கடைத்தெருவில் எல்லாருக்கும் அப்பா மிட்டாய் கொடுத்தார். மூன்றாம் மாதம் ஆயா கடை வாசலில் வந்து நின்றாள்.

“ஏந்தம்பி, கொழா எங்க?”

உண்டியல் குலுக்கப் போன இடத்தில், தெருமுனைக்குக் குடிதண்ணீர்க் குழாய் வரும் என்று அப்பா வாய்விட்டிருக்கிறார். யார் சொல்லிச் சொன்னாரோ தெரியாது. “எழுதிப் போட்ருக்கு ஆயா, வந்துரும்” என்றார். “எழுதிப் போட்டா தண்ணி வந்துருமா? அப்பறம் எதுக்கு என் காச வாங்கிட்டுப் போன?” என்றாள். ஊரில் பெரிய மனிதர்கள் வந்தால்கூட மிஷினில் உட்கார்ந்தபடியே பேசுகிற அப்பா, அன்று எழுந்து நின்றார். மாசாமாசம் வந்தாள். மாசாமாசம் எழுந்து நின்றார். இரண்டு வருஷம் கழித்துக் குழாய் வந்தது, ஆயாவின் தெருவுக்கு அல்ல, அடுத்த தெருவுக்கு. அதற்கும் திட்டினாள். அடுத்த முறை உண்டியல் போனபோது பத்து பைசாவும் போட்டாள்.

காசு போட்டவள் கேட்கலாம், திட்டலாம். வாங்கியவன் எழுந்து நின்று கேட்டுக்கொள்ள வேண்டும். கட்சியை ஆப்பக்கடையோடு கட்டி வைத்திருந்த கயிறு அந்தப் பத்து பைசாதான். உண்டியலுக்காக நான் அழுவது சில்லறைக்காக அல்ல, அந்தக் கயிறு அறுந்ததற்காக.

இந்தப் பழக்கத்தைக் கழகம் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. காங்கிரஸ் நாலணா உறுப்பினர்களால் வளர்ந்த கட்சி. 1934இல் காந்தி காங்கிரஸைவிட்டு விலகியபோது, அவர் நாலணா உறுப்பினர்கூட இல்லை என்றுதான் சொன்னார்கள். கட்சிக்குள் இருப்பதன் அளவுகோலே அந்த நாலணாதான். செல்வக் குடும்பத்தில் பிறந்த பெரியார், குழந்தைக்குப் பெயர் வைக்கவும் கையெழுத்துப் போடவும் படம் எடுத்துக்கொள்ளவும் காசு வாங்கி இயக்கக் கணக்கில் சேர்த்தார். சிலர் அதைக் கஞ்சத்தனம் என்றார்கள். கொடுத்தவனுக்கு இயக்கத்தில் பங்கு உண்டு என்ற உணர்வை அவர் வளர்த்தார் என்பது என் கருத்து.

கம்யூனிஸ்ட்கள் உண்டியலை உடம்பின் ஓர் உறுப்பாகவே வைத்திருந்தார்கள். கையில் கட்சி நிதி நிறைய இருக்க, பசியோடு நடந்தே வந்த ஜீவாவின் கதையைத் தோழர்கள் இன்றும் சொல்கிறார்கள். அது கட்சிப் பணம், அதில் எப்படிச் சாப்பிடுவது என்றாராம். செவிவழி வந்த கதைதான். அதைக் கேட்டு ஒரு தலைமுறை வளர்ந்தது என்பது மட்டும் உண்மை. பிற்காலத்தில் ‘உண்டியல் குலுக்கி’ என்பது அவர்களைத் திட்டும் வார்த்தையாகிவிட்டது. ஊரிடம் கையேந்திக் கட்சி நடத்துவது கேவலம் என்று எப்போது நினைக்கத் தொடங்கினோம்? அந்த வசைச்சொல் புழக்கத்துக்கு வந்தபோதே உண்டியலுக்குச் சீக்கு கண்டுவிட்டது.

விருகம்பாக்கம் மாநாட்டை அப்பா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். 1967 தேர்தலுக்கான வேட்பாளர் பட்டியலை அண்ணா மேடையில் வாசிக்கிறார். சைதாப்பேட்டை என்று வந்ததும் நிறுத்துகிறார். கலைஞரின் பெயரைச் சொல்லவில்லை. “பதினோரு லட்சம்” என்கிறார். இலக்கு பத்து, திரட்டியது பதினொன்று. அந்தக் கைதட்டலை அப்பா நேரில் கேட்டாரா, பிறர் சொல்லக் கேட்டாரா என்று நான் விசாரித்ததில்லை. “அதுல நம்ம ஆயா காசும் இருக்குடா” என்பார்.

அந்தப் பதினோரு லட்சமும் ஆப்பக்கடைக் காசுதான் என்று நான் சொல்லமாட்டேன். வசதி படைத்தவர்களும் கொடுத்திருப்பார்கள். கெட்டிக்கார மிராசுதார் இரண்டு கட்சிக்கும் கொடுத்து வைப்பார். உண்டியலிலும் கள்ளம் இருந்தது. போலி ரசீது புத்தகம் அடித்தவர்கள் உண்டு. பிற்பாடு ‘வசூல்’ என்றாலே கடைக்காரர்கள் ஷட்டரை இழுத்துவிடும் காலமும் வந்தது. மிரட்டி வாங்கிய காசுக்கு உண்டியல் என்று பெயர் வைத்தால் அது உண்டியல் ஆகிவிடாது. இத்தனையும் தெரிந்துதான் அஞ்சலி எழுதுகிறேன்.

எப்படிச் செத்தது?

எங்கள் வீட்டில் அது ஒரு பொதுக்கூட்டத்தன்று நடந்தது. எழுபதுகளின் பிற்பகுதி. பந்தல், மைக்செட், லாரி, சாப்பாடு எல்லாச் செலவையும் ஒரு காண்ட்ராக்டர் ஏற்றுக்கொண்டுவிட்டார். பெயர் வேண்டாம், அவரும் இன்று இல்லை. அப்பா வழக்கம்போல உண்டியலைத் துடைத்து எடுத்துக்கொண்டு போனார். “அண்ணே, இந்தத் தடவை அதெல்லாம் வேணாண்ணே, செலவெல்லாம் முடிஞ்சுது” என்று பாசமாகத்தான் திருப்பி அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்து ஆணியில் மாட்டினார். மேடையில் அன்று காண்ட்ராக்டருக்கு நாற்காலி இருந்தது. அப்பாவுக்கும் ஒன்று போட்டார்கள், இரண்டாம் வரிசையில். ஊர் ஊராகக் கேட்டுப்பாருங்கள். எந்தக் கட்சியின் பழைய கிளைச் செயலாளரிடமும் இப்படி ஒரு சாயந்தரம் இருக்கும்.

டில்லியில் அது சட்டத்தால் நடந்தது. டாட்டா இரும்பு நிறுவனத்தின் கட்சி நன்கொடை வழக்கில், நிறுவனப் பணம் அரசியலுக்குள் வருவது ஜனநாயகத்துக்கு ஆபத்து என்று 1957இலேயே பம்பாய் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி எம்.சி. சாக்ளா எச்சரித்தார். 1969இல் இந்திரா அரசு நிறுவன நன்கொடையை அடியோடு தடை செய்தது. மக்களிடம் சிறுகச் சிறுகத் திரட்ட வழி எதுவும் செய்யாமல் கொண்டுவந்த தடை அது. பணம் பெட்டிக்குள் புகுந்து கறுப்பாக வந்தது. வேட்பாளருக்காகக் கட்சி செய்யும் செலவும் அவர் கணக்கில்தான் சேரும் என்று 1974இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, சட்டத்தைத் திருத்தி அந்தத் தீர்ப்பையே செல்லாததாக்கினார்கள். வேட்பாளருக்கு உச்சவரம்பு உண்டு, கட்சிக்கு இல்லை என்ற நிலை அன்றிலிருந்து தொடர்கிறது. வரம்பில்லாத செலவுக்கு உண்டியல் எப்படி ஈடுகொடுக்கும்? 1985இல் நிறுவன நன்கொடை திரும்ப வந்தது. 2013இல், மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தில் ஏழரை சதவீதம்வரை என்று உயர்த்தினார்கள். 2017இல் அந்த வரம்பையும் எடுத்துவிட்டார்கள். நஷ்டத்தில் ஓடும் நிறுவனமும் எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்றானது.

2018 ஜனவரியில் தேர்தல் பத்திரம் வந்தது. பாரத ஸ்டேட் வங்கியில் வாங்கிக் கட்சியிடம் கொடுத்தால், பதினைந்து நாளுக்குள் கட்சி தன் கணக்கில் சேர்க்க வேண்டும். ஆயிரம், பத்தாயிரம், ஒரு லட்சம், பத்து லட்சம், ஒரு கோடி என்று ஐந்து வகை. விற்ற மதிப்பில் பெரும்பகுதி ஒரு கோடிப் பத்திரம்தான். கொடுத்தவர் பெயர் தாளில் இருக்காது. புற ஊதா ஒளியில் மட்டும் தெரியும் ஓர் எண் இருந்ததை ஒரு பத்திரிகையாளர் கண்டுபிடித்துச் சொன்னார். ஆக, ரகசியம் வாக்காளனிடம் மட்டும்தான்.

உண்டியலில் மட்டும் பெயர் இருந்ததா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. காசில் பெயர் இல்லைதான். ஆனால் போட்டவள் தெருமுனையில் இருந்தாள், ஊருக்கு முன்னால் காட்டிவிட்டுப் போட்டாள். பத்து பைசாவால் ஒரு டெண்டரை வாங்க முடியாது, ஒரு சட்டத்தின் கமா ஒன்றைக்கூட நகர்த்த முடியாது. பெயரில்லாத பத்து பைசா காணிக்கை. பெயரில்லாத ஒரு கோடி அப்படி அல்ல. 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி சந்திரசூட் தலைமையிலான ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாக அந்தத் திட்டத்தை ரத்து செய்தபோது சொன்னதன் சாரமும் இதுதான்: பெரும்பணம் கொடுப்பவருக்கு ஆட்சியின் கதவு திறக்கும், அதனால் அவர் யார் என்பதை வாக்காளர் தெரிந்துகொள்ள வேண்டும். பத்திர விவரத்தைத் தரச் சொன்னதற்கு ஜூன் 30வரை அவகாசம் கேட்டது வங்கி. நீதிமன்றம் ஒரே நாள்தான் கொடுத்தது.

பத்திரங்களால் அதிகம் பெற்ற கட்சி பாரதிய ஜனதா. 2019 ஏப்ரலுக்குப் பிறகு மட்டும் ஆறாயிரம் கோடிக்கு மேல். திட்டத்தைக் கொண்டுவந்ததும் அதே கட்சியின் அரசு. அந்தக் குற்றத்தைத் தி.மு.க.வின் தலையில் கட்டமாட்டேன். கொடையாளர் பெயரோடு கணக்கு கொடுத்த சில கட்சிகளில் தி.மு.க.வும் ஒன்று; பா.ஜ.க.வும் காங்கிரஸும் திரிணமூலும் அதைச் செய்யவில்லை. இதையும் சொல்லியாக வேண்டும். அப்படியிருந்தும் நான் தி.மு.க.வைப் பற்றி எழுதுவதற்குக் காரணம், அப்பாவின் உண்டியல் கறுப்பும் சிவப்பும் என்பதுதான். ஜவுளிக் கடையும் சலூனும் டீக்கடையும் வளர்த்த கட்சி அது. பணக்காரர் கட்சி என்று காங்கிரஸைச் சாடி ஆட்சிக்கு வந்த கட்சி அது. அதனிடம் கேட்க எனக்கு உரிமை இருக்கிறது, குலுக்கியிருக்கிறேன்.

500 கோடி என்பது எவ்வளவு? தமிழ்நாட்டில் 2024இல் வாக்காளர் 6 கோடியே 20 லட்சத்துக்கு மேல். ஆளுக்கு 80 ரூபாய் போட்டிருந்தால் அந்தத் தொகை வந்திருக்கும். ஐந்து வருஷத்தில் 80 ரூபாய். கழகத்துக்கு ஓட்டுப் போடுபவர்களிடம் மட்டும் கேட்டால் அதைப்போல நாலைந்து மடங்கு ஆகும், அவ்வளவுதான். கிளை இல்லாத ஊர் இல்லை என்று சொல்லும் கட்சியால் அது முடியாததா? முடியும். கேட்க வேண்டியிருக்கும். வாசலில் நின்று கேட்டால் பதில் சொல்ல வேண்டியிருக்கும். ஒரே நிறுவனத்திடம் வாங்குவது அந்தச் சிரமத்தையெல்லாம் மிச்சப்படுத்திவிடுகிறது.

அந்த 500 கோடி எங்கிருந்து வந்தது என்பதுதான் என்னைத் தூங்கவிடாத விஷயம். தமிழ்நாட்டில் 2003 முதல் லாட்டரிக்குத் தடை. இங்கே குடும்பங்கள் அழிந்ததை நாம் கண்ணால் பார்த்தோம், தடையை வரவேற்றோம். அதற்குப் பின் வந்த தி.மு.க. ஆட்சிகளும் அதை நீக்கவில்லை. 2022இல் ஆன்லைன் சூதாட்டத்தைத் தடுக்கச் சட்டம் கொண்டுவந்து, ஆளுநர் திருப்பி அனுப்பியும் விடாமல் மறுபடி நிறைவேற்றியதும் தி.மு.க. அரசுதான். நன்கொடைக்குக் கைமாறு செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. அதற்கு ஆதாரமும் இல்லை. ஆனால் லாட்டரி நிறுவனத்தின் பணம் எங்கே விளைகிறது? தடை இல்லாத மாநிலங்களில் ரிக்‌ஷா ஓட்டுபவரும், பூ விற்பவளும், கூலிக்குப் போகிறவரும் தினம் தினம் நீட்டும் சில்லறையில். அதுவும் ஏழையின் காசுதான். எங்கள் உண்டியலில் விழுந்த அதே காசு. போட்டவருக்கு அது கட்சிக்குப் போவது தெரியாது, எந்தக் கட்சி என்று தெரியாது, கடைவாசலில் வந்து நின்று “கொழா எங்க?” என்று கேட்க முடியாது. ஆயாவின் காசு வருகிறது, ஆயா வருவதில்லை.

தோழர்கள் பக்கம் பார்த்தாலும் மனசு நோகிறது. பத்திரம் வாங்கமாட்டோம் என்று மறுத்தார்கள். மார்க்சிஸ்ட் கட்சி அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம்வரை போனது. அந்தப் பெருமை அவர்களைச் சேரும். ஆனால் 2019 மக்களவைத் தேர்தலுக்குத் தி.மு.க. தாக்கல் செய்த செலவுக் கணக்கில், இந்திய கம்யூனிஸ்ட் கட்சிக்கு 15 கோடி, மார்க்சிஸ்ட் கட்சிக்கு 10 கோடி கொடுத்ததாக இருக்கிறது. கூட்டணியின் தேர்தல் செலவுக்கு வங்கி வழியாக, கணக்கில் காட்டி வாங்கியது என்று விளக்கம் சொன்னார்கள். சட்டப்படி தவறில்லை. உண்டியல் குலுக்கும் கட்சிக்கு வேறு கட்சி பணம் கொடுத்தால், உண்டியலில் காசு போட்டவர்களுக்குக் கட்சியில் என்ன இடம்? இடதுசாரிக் கூட்டங்களில் இன்றும் உண்டியல் சுற்றி வருகிறது, நானும் போடுகிறேன். அது இப்போது ஒரு சடங்கு. கட்சி அதை நம்பி உயிரோடு இருப்பதாகத் தோன்றவில்லை.

பணம் வரும் வழி மாறினால் கட்சி யோசிக்கும் விதமும் மாறும். 2021 தேர்தலுக்காகத் தி.மு.க. 2020 பிப்ரவரியில் பிரசாந்த் கிஷோரின் ஐ-பேக் நிறுவனத்தை அமர்த்தியது. படிப்பகங்களும் தெருமுனைக் கூட்டங்களும் வளர்த்தெடுத்த கட்சி, மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள ஒரு நிறுவனத்துக்குப் பணம் கொடுத்தது. ஜெயித்தார்கள், 133 இடம். ஆனாலும் சொல்கிறேன்: உண்டியலோடு போனவனுக்கு அந்தத் தகவல் இலவசமாகக் கிடைத்தது. எந்தத் தெருவில் காசு விழவில்லையோ அந்தத் தெருவில் கோபம் இருக்கிறது என்று அப்பாவுக்குத் தெரியும். நோட்டில் தெருவாரியாக எழுதி வைத்திருந்தார். குறைந்த தெருவுக்கு மறுநாள் உண்டியல் இல்லாமல் போவார்.

கடைசியில் கையே திரும்பிவிட்டது. கொடுப்பவர் கை மேலே, வாங்குபவர் கை கீழே என்பது நம் ஊர்க் கணக்கு. துண்டேந்திய தலைவரின் கை அன்று கீழே இருந்தது, மக்களின் கை மேலே இருந்தது. 2009 திருமங்கலம் இடைத்தேர்தலின் பெயர் இன்று வாக்காளருக்குப் பணம் கொடுக்கும் ‘ஃபார்முலா’வாக நாடு முழுக்கத் தெரியும். 2016இல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர், 2017இல் ஆர்.கே. நகர், 2019இல் வேலூர். பண விநியோகப் புகாராலும் பிடிபட்ட பணத்தாலும் தேர்தலையே நிறுத்திய ஊர்கள் இவை. தி.மு.க., அ.தி.மு.க. என்ற இரண்டு கழகங்களும் ஒன்றையொன்று கைகாட்டின. பெட்டி பெரிய இடத்தில் நிரம்புகிறது, கவராகச் சின்ன வாசலுக்கு வருகிறது. வாங்கிக்கொண்டவள் வாய் திறக்க முடியுமா? “அதான் காசு குடுத்தோமே” என்று சொன்னால் முடிந்தது. ஐந்நூறு ரூபாய்க்கு அவளிடமிருந்து வாங்கியது ஓட்டை மட்டும் அல்ல, கேட்கும் உரிமையையும்.

பத்திரம் போய்விட்டது. பணம் போகவில்லை. தேர்தல் அறக்கட்டளைகள் என்ற பெயரில் நிறுவனங்கள் கொடுத்துக்கொண்டுதான் இருக்கின்றன. இருபத்தைந்து பைசாவும் அதற்குக் கீழுள்ள காசுகளும் 2011இலேயே செல்லாதவை ஆகிவிட்டன. பத்து பைசாவை இனி யாரும் போட முடியாது. கைபேசியில் பத்து ரூபாய் அனுப்ப எல்லாருக்கும் தெரியும். ஆனால் கட்சி கேட்பதில்லை.

அப்பா காலமாகி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அன்றைக்குக் கட்சிக்காரர்கள் வந்து கொடி போர்த்தினார்கள், மரியாதை செய்தார்கள். நன்றி மறக்கவில்லை. அவர்களுக்கும், எல்லாக் கட்சிகளின் கிளைச் செயலாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த தேர்தலுக்கு முன்னால், தலைமை சொல்லாவிட்டாலும், ஒரு தகர டப்பாவுக்குப் பூட்டு போட்டுக்கொண்டு உங்கள் தெருவில் ஒரு சாயந்தரம் நடந்து பாருங்கள். பத்து ரூபாய் கேளுங்கள். சிலர் கதவைச் சாத்துவார்கள், சிலர் சிரிப்பார்கள், பலர் திட்டுவார்கள். காசு விழாவிட்டால் பரவாயில்லை. திட்டியதை ஒன்றுவிடாமல், தெருவாரியாக, நோட்டில் எழுதித் தலைமைக்கு அனுப்புங்கள்.